வண்டிய நிறுத்தாத அக்கா

என் தம்பி எங்கிட்ட சொன்னது ஸ்கூட்டில போகும்போது. பின்னாடி உக்காந்துக்கிட்டு "வண்டிய நிறுத்தாத அக்கா, திரும்பிப் பாக்காத, ஒண்ணு சொல்லணும்"னான். எனக்குப் பசங்களத்தான் பிடிக்குதுன்னு அவன் சொல்லி முடிக்கறதுக்குள்ள ரெண்டு சிக்னல் தாண்டிட்டோம். நான் சொன்ன மொத வார்த்தை, "அம்மாட்ட சொல்லிடாத". பத்தொம்பது வயசு வரைக்கும் யார்ட்டயும் சொல்லாதத எங்கிட்ட சொல்றான், நான் வாயப் பொத்திக்கோன்னு சொல்லிட்டேன். இன்னிக்கும் உறுத்துது.

தைரியமா வெளிய சொல்லுங்கன்னு ஜூன் மாசம் ஆனா, இவங்களுக்கான ப்ரைட் மாசம்னு எல்லாரும் போஸ்ட் போடறோம், சொன்ன அன்னிக்கு ராத்திரி அந்தப் புள்ள எங்க படுக்கும்னு யோசிக்கறோமா? அம்மாவுக்கு ஆறு மாசம் கழிச்சு தெரிஞ்சப்போ போனப் புடுங்கி வெச்சாங்க, ஒரு டாக்டர்ட்ட கூட்டிட்டுப் போனாங்க, அவரு மாத்திர எழுதிக் குடுத்து கல்யாணம் பண்ணா சரியாயிடும்னார். இது வியாதியே இல்லன்னு இந்திய மனநல மருத்துவர்கள் சங்கம் 2018லயே சொல்லியாச்சு, மாத்தறேன்னு வைத்தியம் பாத்தா அது தப்புன்னு தேசிய மருத்துவ ஆணையம் 2022ல சொல்லியாச்சு. அந்த டாக்டருக்கே தெரியல, அம்மாவ மட்டும் எப்படிக் குறை சொல்ல.

பொண்ணுங்களயே பிடிச்ச பொண்ணுங்க நிலைமை இன்னும் மோசம். வேலூர் கேஸ் ஞாபகம் இருக்கா, 2025 மே மாசம்? 25 வயசுப் பொண்ண வீட்டுக்குப் புடிச்சிட்டுப் போயி, அடிச்சு, 'மாறணும்'னு சடங்கெல்லாம் பண்ணாங்கன்னு அந்தப் பொண்ணே சென்னை ஹைகோர்ட்ல சொல்லுச்சு. அவ இஷ்டப்பட்டவங்களோட போலாம்னு கோர்ட் அனுப்பி வெச்சுது. கோர்ட் வரைக்கும் போக ஆள் இல்லாத பொண்ணுங்க?

எனக்கு நீதியரசர் ஆனந்த் வெங்கடேஷ் மேல பெரிய மரியாதை. 2021ல மதுரைலேருந்து சென்னைக்கு ஓடி வந்த ரெண்டு பொண்ணுங்க கேஸ்ல, எனக்கே இது முழுசா புரியலன்னு ஒத்துக்கிட்டு, ஒரு மனநல நிபுணர்ட்ட போய் உக்காந்து கேட்டுத் தெரிஞ்சுக்கிட்டு அப்பறம்தான் தீர்ப்பு எழுதினார். ஹைகோர்ட் ஜட்ஜுக்கே கத்துக்க டைம் தேவப்பட்டுது, எங்க அம்மாவுக்கும் தேவதான், ஆனா அந்த டைம் முழுக்க அடியும் திட்டும் வாங்கிட்டு தம்பி அந்த வீட்லயே கெடக்கணுமா?

அதனால யாராவது எங்கிட்ட "வீட்ல சொல்லட்டுமா அக்கா"ன்னு கேட்டா நான் மொதல்ல கேக்கறது, கைல வேல இருக்கா, தங்க எடம் இருக்கா, ஆதாரும் மார்க்‌ஷீட்டும் யார்ட்ட இருக்கு. தம்பி வீட்ட விட்டுக் கெளம்பினப்போ ப்ளஸ் டூ மார்க்‌ஷீட் அம்மா பீரோல மாட்டிக்கிச்சு, பொங்கலுக்குப் போனப்போ நான்தான் அம்மாவுக்குத் தெரியாம எடுத்துட்டு வந்து குடுத்தேன்.