கேள் என்கிற ஒரு சொல்

மூன்று வருஷமாக என் மகளுக்கு வீட்டில்தான் பாடம். சபையில் யாரைப் பார்த்தாலும், "சர்ட்டிபிகேட்டுக்கு என்ன பண்ணுவீங்க சிஸ்டர்?" என்கிறார்கள். 14 வயது ஆனதும் தேசிய திறந்தநிலைப் பள்ளியில் பத்தாம் வகுப்பு எழுதலாம். அந்தக் கவலை அவ்வளவுதான். வேதத்தை வைத்துப் பிள்ளை வளர்க்கிறோம் என்கிற நாம், அதன் பழைய ஏற்பாடு பெரும்பாலும் பிறந்த எபிரெய மொழியை அவர்களுக்குக் காட்டுவதே இல்லை. என் கவலை அதுதான்.

அவளுக்கு இடது கைப் பழக்கம். முன்பு படித்த பள்ளியில் கையை மாற்றச் சொல்லிச் சொல்லியே அழவைத்தார்கள். தமிழ் எழுதினால் உள்ளங்கை ஓரமெல்லாம் மை. போன வருஷம் சங்கீதம் 119 வாசிக்கும்போது, "ஆலெப், பேத்னு நடுவுல போட்டிருக்கே, என்னம்மா அது?" என்றாள். எபிரெய எழுத்து 22. எழுத்துக்கு எட்டு வசனம், ஆக 176. எட்டும் அதே எழுத்தில்தான் தொடங்கும். உடனே எழுதிப் பார்க்கவேண்டும் என்று உட்கார்ந்துவிட்டாள். வலமிருந்து இடமாக ஒரு பக்கம் எழுதி முடித்துக் கையைத் திருப்பிக் காட்டினாள். ஒரு பொட்டு மை இல்லை. அந்த முகத்தை நான் மறக்கமாட்டேன்.

அடுத்து உபாகமம் 6:4. "இஸ்ரவேலே, கேள்." எபிரெயத்தில் 'ஷெமா'. காதால் கேட்பதும் அதுதான், கீழ்ப்படிவதும் அதுதான். இதை விளக்க நான் பாடுபடவே இல்லை. "சொன்னா கேளு" என்று தினமும் பத்துத் தடவை சொல்கிறோமே! ஏழாம் வசனத்தில் "கருத்தாய்ப் போதித்து" என்று இருப்பதன் மூலச்சொல், கூர்தீட்டுவது. சாணை பிடிப்பதுபோல, கொஞ்சம் கொஞ்சமாக, தினமும். வீட்டில் உட்காரும்போதும், வழியில் நடக்கும்போதும்.

இதில் ஒரு ஆபத்தும் உண்டு. நம் விசுவாசத்தின் எபிரெய வேரைக் கண்டுபிடித்த வேகத்தில் சிலர் யூதரைப்போல எக்காளம் வாங்கி ஊதுகிறார்கள், கிறிஸ்துமஸ் கொண்டாடுகிறவர்களைப் பழிக்கிறார்கள். எனக்கு அதில் துளியும் சம்மதமில்லை. யூதரல்லாத புறஜாதியார்மேல் விருத்தசேதனத்தைச் சுமத்தவேண்டாம் என்று அப்போஸ்தலர் 15-லேயே எருசலேமில் கூடிப் பேசி முடித்தாயிற்று.

சேலத்துக்காரர்களுக்கு ஒட்டுக் கட்டுவதைப்பற்றிச் சொல்லவேண்டியதில்லை. கொட்டை முளைத்த நாட்டுக் கன்றில் மல்கோவாக் குச்சியை ஒட்டுவோம். ரோமர் 11-ல் பவுல் சொல்வது இதற்குத் தலைகீழ். புறஜாதியாரான நாம் காட்டுக் கிளை; நம்மைக் கொண்டுவந்து இஸ்ரவேல் என்கிற நல்ல ஒலிவமரத்தில் ஒட்டியிருக்கிறது. "சுபாவத்துக்கு விரோதமாய்" என்று அவரே சொல்கிறார். மாந்தோப்பில் வளர்ந்த எனக்கு அந்த இடம் வரும்போதெல்லாம் தொண்டை அடைக்கும். தோட்டக்காரர்கள் வழக்கமாகச் செய்யாத வேலை அது. வேர் நம்மைச் சுமக்கிறது. யூதரைப் பார்த்தோ, பக்கத்துச் சபையைப் பார்த்தோ நாம் எதற்குப் பெருமை பாராட்டவேண்டும்?

சனிக்கிழமை சாயங்காலம் ஐந்து மணிக்கு அஸ்தம்பட்டியில் எங்கள் வீட்டில் எபிரெய எழுத்துப் பழகுகிறோம். தெரிந்தவர்கள் பிள்ளைகளை அனுப்புங்கள். ஒரு நோட்டு, ஒரு பேனா போதும். எந்தக் கையால் வேண்டுமானாலும் எழுதட்டும்.