சாக்லேட் பெட்டியோடு வரும் பிள்ளைகள்
அமெரிக்கப் பள்ளிகளில் பேண்ட் வாத்தியத்துக்கு நிதி திரட்ட, பிள்ளைகள் கையில் சாக்லேட் பெட்டியைக் கொடுத்தனுப்புவதை எப்போதுதான் நிறுத்துவார்களோ! பெயருக்குத்தான் பிள்ளைகள் விற்கிறார்கள். பெட்டியை ஆபீசுக்குத் தூக்கிப்போய், காபி மெஷின் பக்கத்தில் காசு போட ஒரு கவரோடு வைப்பது பெற்றோர்தான். காரில் உருகிப்போனதற்கும் நாம்தான் பணம் கட்ட வேண்டும். சரி, அத்தனையும் பள்ளிக்குப் போகிறதா என்றால் அதுவும் இல்லை. கணிசமான பங்கு சாக்லேட் கம்பெனிக்கே போய்விடுகிறது.

1917-இல் ஓக்லஹோமா மாநிலத்தின் மஸ்கோகி ஊரில் சாரணச் சிறுமிகள் தாங்களே பிஸ்கட் சுட்டுப் பள்ளியில் விற்றார்கள். அதில் அவர்கள் உழைப்பு இருந்தது. இப்போதோ அதிகம் விற்றவனுக்குப் பரிசு வேறு! அப்பாவுக்குப் பெரிய ஆபீஸ் இல்லாத பிள்ளை என்ன செய்யும்? நேராக இருபது டாலர் கேளுங்கள், சந்தோஷமாகத் தருகிறேன்.