டெல்ரூவுக்கு அதிர்ஷ்டம் அடித்ததா?

2025 ஜூனில் ஜகார்த்தாவில் பிரான்ஸின் டெல்ஃபின் டெல்ரூவும் தோம் ஜிக்கெலும் இந்தோனேசிய ஓபன் பேட்மிண்டனில் கலப்பு இரட்டையர் பட்டத்தை வென்றார்கள். அது சூப்பர் 1000 வகை, பேட்மிண்டனில் ஆண்டுக்கு நான்கே நடக்கும் பெரிய தொடர்களில் ஒன்று. "பெரிய ஜோடியெல்லாம் கலைந்துபோன நேரம், இவர்களுக்கு லக்" என்று சொல்ல ஆளிருக்கும்.

பாதி உண்மைதான். பாரிஸ் ஒலிம்பிக் முடிந்ததும், தங்கம் வென்ற சீனாவின் ஜெங் சிவெய் சர்வதேச ஆட்டத்தை விட்டார். ஜப்பானின் வதனபே - ஹிகாஷினோ பிரிந்தார்கள். வெள்ளி வென்ற கொரியாவின் கிம் வோன் ஹோ ஆண்கள் இரட்டையருக்குப் போனார். ஜகார்த்தா இறுதியாட்டத்தில் எதிரே நின்ற தாய்லாந்தின் டெச்சபோல் முன்னாள் உலக சாம்பியன். அவரும் புதிய துணையோடுதான் வந்திருந்தார்.

சரி, இத்தனை பேர் பிரிந்தபோது இந்த இரண்டு பேர் ஏன் பிரியவில்லை? பிரியக் காரணம் தேடினால் இவர்களுக்குத்தான் நிறையக் கிடைத்திருக்கும். டோக்கியோ ஒலிம்பிக்கில் குரூப் சுற்றோடு வெளியே. 2024இல் சொந்த நாட்டில், பாரிஸின் போர்ட் தெ லா ஷபெல் அரங்கில், ஊரே கத்திக்கொண்டிருக்க மறுபடியும் குரூப் சுற்றோடு வெளியே. கடைசியில் தங்கமும் வெள்ளியும் வாங்கிய ஜோடிகள் இரண்டும் இவர்கள் குரூப்பிலேயே இருந்தன என்று சமாதானம் சொல்லலாம். தோற்றவர்களுக்கு அது எவ்வளவு ஆறுதலாக இருந்திருக்கும்?

அடுத்த ஆண்டு ஆகஸ்டில் அதே அரங்கில் உலக சாம்பியன்ஷிப். இந்த முறை வெண்கலம். பிரான்ஸுக்கு இதற்குமுன் உலக சாம்பியன்ஷிப் பதக்கம் வந்தது 2009இல், நம்ம ஹைதராபாத்தில், பெண்கள் ஒற்றையரில் பி ஹோங்யான் மூலமாக. அவர் சீனாவில் பிறந்து வளர்ந்து பிரான்ஸுக்கு வந்தவர். டெல்ரூ கரீபியனில் இருக்கும் சான் மார்த்தான் என்ற சின்னத் தீவிலிருந்து வந்தவர்.

கலப்பு இரட்டையரில் பெண் நெட் அருகே நின்று "உதவி" செய்கிறாள், பின்னால் இருந்து ஆண் ஸ்மாஷ் அடித்து ஜெயிக்கிறான் என்றே பலர் நினைக்கிறார்கள். எனக்கு இதில் உடன்பாடே இல்லை. எதிராளியின் திட்டமே அந்தப் பெண்ணைக் குறிவைப்பதுதான். அவளைப் பின்னால் தள்ளப் பார்ப்பார்கள், உடம்புக்கு நேராக அடிப்பார்கள், அவள் சர்வீஸ் கொஞ்சம் உயர்ந்தாலே பாய்ந்துவந்து அடித்துப் புள்ளியை முடித்துவிடுவார்கள். ஆண் சர்வீஸ் போடும்போதுகூட அவள் அவனுக்கு முன்னால்தான் நிற்க வேண்டும். பந்து தன்னைத் தாண்டினால் துணை எங்கே இருப்பான் என்று திரும்பிப் பார்க்க நேரமே கிடையாது, தெரிந்திருக்க வேண்டும். இது பல வருஷம் ஒரே ஆளோடு ஆடினால் மட்டுமே வரும். டெல்ரூ முன்பு லேயா பலேர்மோவுடன் பெண்கள் இரட்டையரும் ஆடினார், அப்புறம் கலப்பில் முழுக் கவனம் வைத்தார். ஜகார்த்தாவில் பலித்தது அந்த முடிவு என்பதுதான் என் கட்சி. மற்றவர்களில் பலர் புதுத் துணையின் நிழலைப் பழகிக்கொண்டிருந்தபோது இவர்களுக்கு அந்த வேலையே இல்லை. இதை லக் என்றால் எப்படி?

அதற்குக் கிடைத்த கூலியையும் பாருங்கள். அந்தத் தொடரின் மொத்தப் பரிசு 14.5 லட்சம் டாலர். ஒற்றையர் சாம்பியனுக்கு 1,01,500. இரட்டையர் ஜோடிக்கு 1,07,300, அதை இரண்டு பேர் பங்கிட வேண்டும். ஆளுக்கு 53,650. ஒற்றையரில் ஓட்டம் அதிகம் என்று நியாயம் சொல்வார்கள். விமான டிக்கெட்டும் பிசியோவும் இரட்டையர்காரருக்குப் பாதி விலையிலா கிடைக்கின்றன? உலக பேட்மிண்டன் கூட்டமைப்பு முதலில் இதைச் சரிசெய்யட்டும்.