விழிப்புணர்வு முகாமை நிறுத்துங்கள், ஜூன் மாதப் பட்டியலை எடுங்கள்

ஜவ்வாது மலையில் பழங்குடிப் பெண் பிள்ளைகள் ஏன் படிப்பைப் பாதியில் விடுகிறார்கள் என்று வேலூரில் யாரைக் கேட்டாலும் சட்டென்று வரும் பதில், "பெத்தவங்களுக்கு விழிப்புணர்வு இல்லைங்க." சொல்வதற்கு வசதியான பதில். யார் தலையிலும் பொறுப்பு விழாது. ஒரு பேனர், ஒரு பேரணி, ஒரு சிறப்பு விருந்தினர், மதியம் தக்காளி சாதப் பொட்டலம், மறுநாள் பேப்பரில் படம். விழிப்புணர்வு இல்லாத பெற்றோர் ஒன்றாம் வகுப்பில் மட்டும் எப்படிப் பெண்ணைச் சேர்த்தார்கள் என்று மலையேறிப் போகிற யாரும் கேட்பதில்லை.

சேர்க்கத்தான் செய்கிறார்கள். அணைக்கட்டு ஒன்றியத்து பீஞ்சமந்தை, ஜார்தான்கொல்லை, பாலாம்பட்டு ஆனாலும், திருப்பத்தூர் பக்கத்து புதூர்நாடு, புங்கம்பட்டுநாடு, நெல்லிவாசல்நாடு ஆனாலும், ஜமுனாமரத்தூர் ஆனாலும், சின்ன வகுப்புகளில் பெண்கள் இருக்கிறார்கள். ஐந்து முடித்து ஆறுக்குப் போகையில் சிலர் குறைகிறார்கள். எட்டு முடித்து ஒன்பதுக்குப் போகையில் இன்னும் சிலர். பத்து முடித்துப் பதினொன்றுக்குப் போகையில் நிறையப் பேர். மூன்றும் பெரும்பாலும் பள்ளி மாற வேண்டிய இடங்கள். வகுப்பு நடக்கிற நாளில் பெண் நிற்பது குறைவு, லீவில்தான் நின்றுபோகிறாள்.

2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் தமிழ்நாட்டுப் பழங்குடிப் பெண்களின் எழுத்தறிவு 46.8 சதவீதம். மாநிலப் பெண்கள் எல்லோரையும் சேர்த்தால் 73.4. அடுத்த கணக்கெடுப்பில் முதல் எண் கட்டாயம் ஏறியிருக்கும், அதை வைத்து அறிக்கையும் வரும். ஆனால் ஐந்தாம் வகுப்பு வரை படித்தவளும் எழுத்தறிவு பெற்றவள்தான். அந்த எண்ணை வைத்துக்கொண்டு பிளஸ் டூ பற்றி எதுவும் சொல்ல முடியாது.

சட்டமும் நடுவழியில்தான் இறக்கி விடுகிறது. கல்வி உரிமைச் சட்டத்துக்கான தமிழ்நாட்டு விதிகள்படி ஒன்றாம் வகுப்பு முதல் ஐந்து வரை 1 கிலோமீட்டருக்குள்ளும், ஆறு முதல் எட்டு வரை 3 கிலோமீட்டருக்குள்ளும் பள்ளி வேண்டும். 14 வயதோடு அந்த உரிமை முடிந்தது. ஒன்பதாம் வகுப்பு எத்தனை கிலோமீட்டரில் இருந்தாலும் அந்தச் சட்டத்தைக் காட்டிக் கேட்க முடியாது. மலையில் 3 கிலோமீட்டர் என்பதும் வரைபடத்தில் அளக்கிற தூரம்தான். ஓடை குறுக்கிட்டால் ஐப்பசி, கார்த்திகையில் அது போகவே முடியாத தூரம்.

இனி நாள்காட்டியைப் பாருங்கள். பத்தாம் வகுப்பு ரிசல்ட் மே மாதம் வருகிறது. பதினொன்றாம் வகுப்பு ஜூனில் தொடங்குகிறது. அந்த இடைவெளியில் நேராக வந்து உட்காருவது வைகாசி. அடுத்து ஆனி. ஆடி பிறந்துவிட்டால் கல்யாணம் வைக்க முடியாது, அதனால் பேச்சு எழுந்த வீடுகளில் அதற்குள் முடிக்கப் பார்ப்பார்கள். சமவெளிக் கட்டுரைகளில் எழுதுகிற 'வரதட்சணைப் பயம்' இங்கே பொருந்தாது. மலையாளிப் பழங்குடியில் (கேரளத்துக்காரர்கள் அல்ல, இந்த மலையின் தமிழ் பேசும் குடிகள்) மாப்பிள்ளை வீடுதான் பரிசம் கொடுப்பது வழக்கம். பெண் என்பவள் சாமை அறுக்க, புளி பொறுக்க, ஆடு பார்க்க, கைக்குழந்தையைத் தூக்க ஒரு கை. வீட்டில் சும்மா இருக்கிறாள் என்று தெரிந்தால் கேட்டு வருவார்கள். விடுதியில் படித்துக்கொண்டிருக்கிறாள் என்றால் "அது படிக்குது, முடியட்டும்" என்று தள்ளிப் போகும். 'திருமணத்தால் இடைநிற்றல்' என்று பதிவேட்டில் எழுதுகிறார்களே, பல வீடுகளில் அது தலைகீழ். முதலில் பள்ளி நின்றது, பிறகுதான் கல்யாணம் வந்தது.

பள்ளி எதனால் நின்றது? முதல் காரணம் காகிதம்.

பழங்குடிச் சாதிச் சான்றிதழை வட்டாட்சியர் தர முடியாது. 1989 நவம்பருக்குப் பிறகு அது வருவாய்க் கோட்டாட்சியரின் கையெழுத்து. இ-சேவை மையத்தில் 60 ரூபாய் கட்டிப் பதிந்தால் கிராம நிர்வாக அலுவலர், வருவாய் ஆய்வாளர், வட்டாட்சியர் என்று ஏறி கோட்டாட்சியரிடம் போகும். தாய் தகப்பனுக்கு ஏற்கனவே சான்று இருந்தால் பெரிய தொல்லை இல்லை. இல்லாத வீட்டில்தான் சிக்கல். அப்பாவின் பழைய மாற்றுச் சான்றிதழில் 'மலையாளி' என்று எழுதாமல் 'கவுண்டர்' என்று எழுதியிருப்பார் அந்தக் காலத்துத் தலைமையாசிரியர். மலையில் அது பட்டப்பெயர். கீழே அது வேறு சாதி. அந்த ஒரு சொல்லால் மனு திரும்பி வரும். ரேஷன் கார்டில் ஒரு இனிஷியல், ஆதாரில் ஒரு இனிஷியல், பள்ளிப் பதிவில் மூன்றாவது எழுத்துக்கூட்டல் என்றாலும் திரும்பி வரும். போலிச் சான்றிதழ் பெருத்துப் போனதால் அதிகாரிகள் கெடுபிடியாக இருக்கிறார்கள், அதில் நியாயம் இருக்கிறது. மாநிலத்தில் பழங்குடி ஒதுக்கீடே 1 சதவீதம். ஆனால் கெடுபிடியின் பாரம் போலிக்காரன் மீது விழாமல், மலை இறங்கி ஒடுகத்தூருக்கும் ஆலங்காயத்துக்கும் கூலியை விட்டு அலைகிற அப்பா மீது விழுகிறது. மூன்றாவது தடவை அவர் வர மாட்டார். அந்தச் சான்றை நம்பியிருந்த உதவித்தொகையும் அதோடு போச்சு.

பழங்குடிப் பட்டியலில் 'மலையாளி' என்ற பெயர் இன்றைக்கும் வட ஆற்காடு, தென் ஆற்காடு, சேலம், தருமபுரி, புதுக்கோட்டை, திருச்சி என்ற பழைய மாவட்டப் பெயர்களோடுதான் இருக்கிறது. 2019இல் வேலூர் மூன்றாகப் பிரிந்து திருப்பத்தூர் தனி மாவட்டமான பிறகு ஒரே மலை வேலூர், திருப்பத்தூர், திருவண்ணாமலை என்று மூன்று கலெக்டர்களிடம் இருக்கிறது. பெண்ணின் வீடு ஒரு மாவட்டம், விடுதி இன்னொரு மாவட்டம் என்றால் எந்தக் கோட்டாட்சியர் என்று கேட்டு அலைவதிலேயே ஜூன் முடிந்துவிடும். சான்றிதழ் வேலை பத்தாம் வகுப்பில் தொடங்கக் கூடாது. ஐந்தாம் வகுப்பிலேயே, பள்ளியிலேயே, எழுத்துக்கூட்டலைச் சரிபார்த்து விண்ணப்பம் போட வேண்டும். பிள்ளைக்கு 10 வயதில் இனிஷியலைத் திருத்துவது சுலபம். 15 வயதில் பொதுத்தேர்வுப் பட்டியல் போன பிறகு அது தனி வழக்கு.

அடுத்தது விடுதி. இதைத்தான் நான் அதிகம் பேசுவேன்.

மலைப் பெண்ணுக்கு விடுதியும் பள்ளியும் ஒன்றுதான். படுக்க இடம் இல்லையென்றால் பாடமும் இல்லை. ஆய்வுக்கு வருகிறவர்கள் கட்டடத்தையும் மெனுவையும் பார்த்துவிட்டுப் போகிறார்கள். பார்க்க வேண்டியவை வேறு. மோட்டார் ஓடாத நாளில் கழிப்பறைக்குத் தண்ணீர் எங்கிருந்து வருகிறது? மலையில் மின்சாரம் போனால் மேல்நிலைத் தொட்டி மதியத்துக்குள் காலி. பிறகு பெண்கள் குடத்தோடு கிணற்றுக்கும் ஓடைக்கும், சொம்போடு காட்டுக்கும். கழிப்பறை 'உண்டு' என்று படிவத்தில் டிக் இருக்கும். இரண்டு நாள் தாங்கும் அளவுக்குத் தரைத்தொட்டி ஒன்றும் ஒரு கைப்பம்பும் இருந்தால் இந்தப் பிரச்சினையில் பெரும்பகுதி தீரும். அதற்கு மாடிக் கட்டடம் வேண்டியதில்லை.

நாப்கின் கணக்கும் பாருங்கள். அரசின் இலவச நாப்கின் திட்டமான புதுயுகத்தில் இரண்டு மாதத்துக்கு 3 பாக்கெட், பாக்கெட்டுக்கு 6. ஆக மாதத்துக்கு 9. நாலைந்து நாளுக்கு 9 போதாது என்று எந்தப் பெண்ணைக் கேட்டாலும் சொல்வாள். சரக்கு ஒரு சுற்று தாமதமானால் அதுவும் இல்லை. பயன்படுத்தியதை எரிக்க இயந்திரம் கொடுத்திருப்பார்கள், அதன் சூடேற்றும் கம்பி போய்விட்டால் மாற்ற ஆள் கீழிருந்து வர வேண்டும். கழிப்பறைக் குழியில் போட்டு அடைத்துக்கொள்ளும், அதோடு அந்தக் கழிப்பறையே பூட்டு. செங்கல்லால் கட்டிய சாதாரண எரிகுழி ஒன்று இந்த இயந்திரத்தைவிட நீண்ட நாள் உழைக்கும்.

காப்பாளர் ராத்திரி அங்கே தங்குகிறாரா? பல உண்டு உறைவிடப் பள்ளிகளில் தலைமையாசிரியர் அல்லது ஆசிரியர்தான் கூடுதல் பொறுப்பாகக் காப்பாளர். பகலெல்லாம் பாடம், இரவு அரிசிக் கணக்கு. கடைசி பஸ்ஸில் கீழே இறங்கிவிடுகிறவரை மட்டும் குறை சொல்லிப் பயனில்லை. அவருக்கும் அங்கே குடியிருப்பு இல்லை, அவர் பிள்ளைக்கும் பள்ளி இல்லை. ஆனால் இரவில் பொறுப்பான ஒரு பெண் இல்லாத விடுதிக்கு வயதுக்கு வந்த மகளை எந்தத் தகப்பனும் அனுப்ப மாட்டான். வேலூரில் இருக்கிற நாமும் அனுப்ப மாட்டோம். நம் வீட்டில் அதற்குப் பெயர் அக்கறை, மலையில் செய்தால் அறியாமையாம்.

உணவுக்கு 2023இல் பள்ளி விடுதிப் பிள்ளைக்கு மாதம் 1,000 ரூபாய் என்பதை 1,400 ஆக்கினார்கள். நல்லது. நாளுக்கு 47 ரூபாய்க்கும் கீழே. மலைக்குக் காய்கறி ஏறுகிற வண்டி வாடகை இதில் தனியாகச் சேராது. முதலில் காணாமல் போவது காய்தான்.

இன்னொரு ஓட்டை: பொங்கலுக்கும் தீபாவளிக்கும் வீட்டுக்குப் போன பெண் திரும்பாதது. பொங்கல் கழிந்து மாசி, பங்குனியில் புளி உலுக்குகிற வேலை வரும். அதே நேரத்தில்தான் பொதுத்தேர்வு. விடுதி திறந்த மூன்றாம் நாள் வராதவர் பட்டியல் போட்டு வீட்டுக்கு ஆள் போனால் பெரும்பாலும் வந்துவிடுவாள். ஒரு மாதம் கழித்து வருகைப் பதிவேட்டைப் பார்த்து போன் செய்தால் வர மாட்டாள். வீடு புது வேலைப் பங்கீட்டுக்குப் பழகியிருக்கும்.

பஸ்ஸைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. பயண அட்டை இலவசம், பஸ் இருந்தால். பள்ளியின் மணியும் டெப்போவின் நேர அட்டவணையும் தனித்தனியாகப் போடப்படுகின்றன. மாலைச் சிறப்பு வகுப்பு முடிவதற்குள் கடைசி வண்டி போய்விட்டால், பத்தாம் வகுப்புப் பெண் சிறப்பு வகுப்பில் இருக்க மாட்டாள்.

ஆசிரியர் இல்லாத பாடம் வேறு. பள்ளி மேலாண்மைக் குழு வழியாகத் தற்காலிக ஆசிரியர் நியமிக்க வழி இருக்கிறது. இடைநிலைக்கு 12,000, பட்டதாரிக்கு 15,000, முதுகலைக்கு 18,000 என்று சம்பளம் வைத்தார்கள். கீழேயிருந்து இயற்பியல் படித்தவர் 18,000க்கு மலை ஏறி வர மாட்டார். அதனால் அறிவியல் பிரிவு இருந்தும் இல்லாத கணக்கு. காவலூரில் 2.34 மீட்டர் தொலைநோக்கி வைத்திருக்கும் மலையில் இயற்பியலுக்கு ஆள் தேடுகிறோம். சிரிப்பாகத்தான் இருக்கிறது.

இருளர் கதை வேறு தினுசு. சமவெளியில் முன்பணம் வாங்கிக் குடும்பத்தோடு செங்கல் சூளைக்குப் போகிறவர்களுக்கு மேலே சொன்ன எதுவும் அப்படியே பொருந்தாது. அங்கே தடையின் பெயர் கடன். அது தனிப் பதிவுக்கு உரியது.

மலையில் ஆண்கள் இல்லாத வீடுகளையும் சேர்த்துக்கொள்ளுங்கள். கர்நாடகக் காப்பித் தோட்டம், திருப்பூர், கேரளம் என்று போனவர்கள் உண்டு. செம்மரம் வெட்டப் போய் ஆந்திரச் சிறையில் இருப்பவர்களும் உண்டு. 2015 ஏப்ரல் 7 அன்று சேஷாசலம் காட்டில் சுட்டுக் கொல்லப்பட்ட 20 பேரில் ஜவ்வாது மலைக்காரர்களும் இருந்தார்கள். அப்பா இல்லாத வீட்டில் அம்மா கூலிக்குப் போக, அடுத்த அம்மா மூத்த மகள்தான். அவளுக்கு முகாம் போட்டு என்ன சொல்வீர்கள்? அந்த ஊரில் அங்கன்வாடி ஒழுங்காகத் திறந்தால் தம்பியை விட்டுவிட்டு அவள் பள்ளிக்கு வருவாள்.

18க்கு முன் கல்யாணம் ஆகிவிட்ட பெண்ணை இப்போதைய ஏற்பாடு அப்படியே கைகழுவுகிறது. கர்ப்பமாகி ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போனால் சிறார் மீதான பாலியல் குற்றங்களுக்கான போக்சோ சட்டப்படி மருத்துவர் தகவல் சொல்லியாக வேண்டும். புருஷன் உள்ளே போவான் என்ற பயத்தில் அவள் போவதில்லை. பிரசவம் வீட்டில். குழந்தைக்குப் பிறப்புச் சான்றிதழ் இல்லை. 2023 அக்டோபர் 1 முதல் பிறந்தவர்களுக்குப் பள்ளிச் சேர்க்கைக்குப் பிறப்புச் சான்றிதழ்தான் வயதுச் சான்று என்று பிறப்பு இறப்புப் பதிவுச் சட்டத்தைத் திருத்தியிருக்கிறார்கள். வயதுச் சான்று இல்லை என்பதற்காகச் சேர்க்கையை மறுக்கக் கூடாது என்று கல்வி உரிமைச் சட்டத்தின் 14ஆம் பிரிவு சொல்கிறது. இரண்டையும் வைத்துக்கொண்டு 2028, 2029இல் மலைப்பள்ளித் தலைமையாசிரியர் என்ன செய்வார் என்று இப்போதே சுற்றறிக்கை போட்டுச் சொல்லிவிடுவது நல்லது.

கல்யாணம் ஆன பெண் பள்ளிக்கு வரக் கூடாது என்று எந்த விதியும் இல்லை. "மற்ற பிள்ளைகள் கெட்டுப் போகும், தனித்தேர்வராக எழுதட்டும்" என்று வாய்மொழியாக அனுப்பிவிடுகிறார்கள். 2024இல் ஜவ்வாது மலைப் புலியூரைச் சேர்ந்த ஸ்ரீபதி சிவில் நீதிபதித் தேர்வில் வென்றபோது நாம் எல்லோரும் பகிர்ந்தோம். குழந்தை பிறந்த சில நாளில் தேர்வெழுதியவர் அவர். கல்யாணத்துக்குப் பிறகும் படிப்பு தொடர்ந்தது என்பதுதான் அந்தச் செய்தியில் இருந்த பாடம். நாம் பகிர்ந்ததோ 'சாதனைப் பெண்' என்ற தலைப்பை.

உயர்கல்விக்குப் போய்விட்டால் புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் கிடைக்கிறது. 2022 செப்டம்பரில் தொடங்கியது, கல்யாண உதவிக்குப் போன பணத்தைப் படிப்புக்குத் திருப்பிய நல்ல முடிவு. ஆனால் அந்தப் பணம் உயர்கல்வியில் சேர்ந்தவளுக்கு மட்டும். பத்தில் நின்றவளின் வீட்டுக்கு அது வருவதே இல்லை. பதினொன்று, பன்னிரண்டு படிக்கும் மலைப் பெண்களுக்கு அதில் பாதியாவது கொடுத்துப் பார்க்கலாம்.

இத்தனைக்கும் யார் யார் நின்றார்கள் என்பது ரகசியம் இல்லை. மாற்றுச் சான்றிதழ் கொடுத்தவுடன் மாணவியின் பெயர் கல்வித்துறையின் மாணவர் பதிவுத் தளமான எமிஸில் காமன் பூல் என்ற பொதுத் தொகுப்புக்குப் போகிறது. புதிய பள்ளி சேர்த்துக்கொண்டால் அங்கிருந்து எடுக்கும். எடுக்கப்படாமல் ஜூன் மூன்றாம் வாரமும் தொகுப்பிலேயே கிடக்கிற பெண் பெயர்கள்தான் நமக்கு வேண்டிய பட்டியல். ஒரு ஒன்றியத்துக்கு அது உட்கார்ந்து ஒவ்வொன்றாக விசாரிக்கக்கூடிய அளவுதான். ஒவ்வொரு பெயருக்கும் எதிரே சான்றிதழா, படுக்கையா, பஸ்ஸா, தம்பியா, கல்யாணப் பேச்சா என்று ஒரே சொல்லில் காரணம் எழுதுங்கள். ஜூன் முடிவதற்குள் கோட்டாட்சியர், நலத்துறை, கல்வித்துறை மூவரும் ஒரே மேசையில் உட்காருங்கள். ஆகஸ்டில் எடுக்கும் இடைநிற்றல் கணக்கெடுப்பு கணக்குக்கு உதவும், பெண்ணுக்கு உதவாது.

விடுதி கட்ட வனத்துறை இடம் தராது என்று கைவிரிப்பவர்களுக்கு ஒன்று. 2006 வன உரிமைச் சட்டத்தின் 3(2) பிரிவில் பள்ளிக்கும் அங்கன்வாடிக்கும் சாலைக்கும் வன நிலம் கொடுக்க வழி இருக்கிறது. ஒவ்வொரு பணிக்கும் 1 ஹெக்டேருக்குள் இருக்க வேண்டும், ஹெக்டேருக்கு 75 மரத்துக்கு மேல் வெட்டக் கூடாது, கிராம சபை பரிந்துரைக்க வேண்டும். பாதிப் பேராவது வந்திருக்க வேண்டும், வந்தவர்களில் மூன்றில் ஒரு பங்கு பெண்கள் வேண்டும். மே 1 கிராம சபையில் "பள்ளியும் விடுதியும் வேண்டும்" என்று பொதுவாக எழுதினால் கோப்பு எங்கும் நகராது. இடத்தின் பெயர், எல்லை, பரப்பு, நிற்கும் மரங்களின் எண்ணிக்கை, எந்தப் பள்ளிக்கான கட்டடம் என்பதெல்லாம் தீர்மானத்திலேயே இருக்கட்டும். கையெழுத்துப் பக்கத்தை நகல் எடுத்து ஒன்றை ஊரிலேயே வைத்துக்கொள்ளுங்கள்.