ஒரு ஃபிளாட்டும் ஒன்பது வாரக் காகிதமும்

விலை பேசி முடித்தது மாசியில். இப்போது ஐப்பசி. லண்டன் ஹாரோவில் நான் வாங்கும் அந்த இரண்டு படுக்கையறை ஃபிளாட் இன்னும் என் கைக்கு வந்தபாடில்லை.

அது லீஸ்ஹோல்ட், அதாவது நீண்ட காலக் குத்தகைக்கு வாங்கும் வீடு. லட்சக்கணக்கில் பவுண்ட் கொட்டினாலும் வெளிச்சுவர் நமக்குச் சொந்தமில்லை. குத்தகை 80 வருஷத்துக்குக் கீழே போனால் நீட்டிக்கிற செலவு எகிறும். சரி, தெரிந்துதான் தலையைக் கொடுத்தேன். ஆனால் கட்டடத்தை நிர்வகிக்கும் மேனேஜிங் ஏஜென்ட் என்றொரு ஜீவன் இருக்கிறதே! பராமரிப்புக் கணக்கு, கட்டடக் காப்பீடு, தீ பாதுகாப்பு அறிக்கை எல்லாம் சேர்ந்த ஒரு கட்டை அவர்தான் தர வேண்டும். காசை வாங்க ஒரு நிமிஷம், காகிதம் அனுப்ப ஒன்பது வாரம். வந்ததிலும் போன வருஷக் கணக்கைக் காணோம்.

உள்ளே வாடகைக்கு ஆள் வேறு. நல்ல மனுஷர், பாவம். அவர் கொடுத்த டெபாசிட்டை வீட்டுக்காரர் 30 நாளுக்குள் அரசு அங்கீகரித்த பாதுகாப்புத் திட்டத்தில் போட்டிருக்க வேண்டும். சான்று எங்கே? என் சொலிசிட்டர் (வக்கீல்தான்) விற்பவரின் சொலிசிட்டரைக் கேட்டார். அவர் வாடகைக்கு விட்ட தரகரான லெட்டிங் ஏஜென்ட்டைக் கேட்டார். ஏஜென்ட் லீவில் ஸ்பெயின் போயிருக்கிறாராம். எல்லாருக்கும் விடுமுறை உண்டு, வீட்டுக்கடன் தருவதாக வந்த என் மார்ட்கேஜ் ஆஃபருக்கு மட்டும் காலாவதித் தேதி! வட்டி ஏறினால் யார் கட்டுவது, ஸ்பெயின்காரரா?

நேற்று சொலிசிட்டரிடமிருந்து மெயில். ஆவலாகத் திறந்தேன். கவுன்சில் சர்ச், அதாவது வீட்டைப் பற்றி உள்ளாட்சியிடம் வாங்கும் விவர அறிக்கை, பழசாகிவிட்டதாம், மறுபடி எடுக்க வேண்டுமாம். (போனில் சொன்னால் அம்மா, "சர்ச்சுக்கு எதுக்குடா போறே?" என்கிறாள்.)

எடுங்கள், நன்றாக எடுங்கள். சாவியை என் பேரன் வந்து வாங்கிக்கொள்வான். எனக்கு இன்னும் கல்யாணமே ஆகவில்லை.