களிமண் உருண்டை மூழ்கும், கிண்ணம் மிதக்கும்

நான்காம் வகுப்புப் பிள்ளைகளை வாளித் தண்ணீரில் களிமண்ணோடு விட்டார் என்பதற்காக ஓர் ஆசிரியையை வைது சுற்றிவரும் அந்தக் குரல் பதிவை நீங்களும் கேட்டிருப்பீர்கள். "பாடம் நடத்தாமல் சேற்றில் விளையாட விடவா சம்பளம்?" என்ற கேள்வி, தொடக்கப் பள்ளியிலேயே காலம் கழித்த என்னையும் சேர்த்துத்தான் அடித்தது.

அங்கே நடந்ததுதான் பாடம். உருண்டையாகப் போட்ட களிமண் மூழ்கியது; அதே மண்ணைக் கிண்ணமாகக் குழித்து வைத்ததும் மிதந்தது. மண் கூடவுமில்லை, குறையவுமில்லை. பிறகெப்படி என்று பிள்ளை கேட்ட பின்புதான், கிண்ணம் அதிக நீரை விலக்குகிறது என்று நாம் சொல்வதற்குப் பொருள் உண்டு.

என் வகுப்பில் ஈரப் பஞ்சில் வைத்த மொச்சை முளைத்தது. தம்ளர் நிறையத் தண்ணீரில் போட்டது அழுகி நாறியது. "செடி வளரத் தண்ணீர் தேவை" என்று முந்தின வாரம் பிசகில்லாமல் ஒப்பித்த பையன், மூக்கைப் பொத்திக்கொண்டு, "தண்ணிதான் நிறைய இருந்துச்சே டீச்சர், ஏன் முளைக்கல?" என்றான். விதைக்குக் காற்றும் வேண்டும் என்பதை அதன்பின் யாரும் மனப்பாடம் செய்ய வேண்டியிருக்கவில்லை.

தேர்வுக்கு இது உதவாது என்பீர்கள். மத்தியப் பிரதேசத்தின் ஹோஷங்காபாத்தில் 1972இல் 16 நடுநிலைப் பள்ளிகளில் தொடங்கிய, சோதனை செய்து பார்த்தே கற்கும் அறிவியல் திட்டத்தில், பிள்ளைகள் புத்தகத்தைத் திறந்து வைத்தே தேர்வெழுதினார்கள். செய்முறைத் தேர்வும் இருந்தது. தேர்வையும் மாற்ற முடியும் என்று காட்டிய அதை 2002இல் அரசே நிறுத்திவிட்டது. சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் 2003இல் தொடங்கிய செயல்வழிக் கற்றல் மாநிலமெங்கும் வந்தபோதும், "எப்போது பார்த்தாலும் விளையாட்டு" என்ற பேச்சை நாங்கள் கேட்டோம். விளையாட்டல்ல, பாடம் என்று இன்னும் எத்தனை முறை சொல்வது?

ஆபத்து என்கிறார்கள், களிமண்ணில் என்ன ஆபத்து? நோட்டு நிரம்பவில்லை என்கிறார்கள். கரும்பலகையைப் பார்த்து எழுதிய வரிகளால் நிரம்பும் நோட்டு, பிள்ளை எதைப் புரிந்துகொண்டது என்பதைக் காட்டாது.

எங்களிடம் நியாயமாகக் கேட்க வேண்டியது வேறு. ஈராசிரியர் பள்ளியில் ஐந்து வகுப்புகளை இரண்டு பேர் பார்க்கிறோம். ஒரு வகுப்பு சோதனை செய்யும்போது மற்ற வகுப்புகளை யார் பார்ப்பது? பஞ்சும் விதையும் வாளியும் பெரும்பாலும் எங்கள் கைக்காசில்தான் வருகின்றன. அதைப் பற்றி எந்தப் பெற்றோர் கூட்டத்திலும் ஒருவரும் எழுந்து கேட்டதில்லை.