மூன்றாம் எண்ணுக்கு வாக்கு கேட்பவரே, கொஞ்சம் நில்லுங்கள்

சென்னை மாநகராட்சியின் இப்போதைய மன்றத்தின் ஆயுள் 2027 தொடக்கத்தில் முடிகிறது. அடுத்த கவுன்சிலராகும் கனவில் இருப்பவர்கள் எல்லாம் கொருக்குப்பேட்டை டீக்கடைகளில் இப்போதே இடம் பிடித்துவிட்டார்கள். என்ன பேசுகிறார்கள் என்று காது கொடுத்துக் கேட்டேன். குழாயில் சாக்கடை வாடையோடு வரும் தண்ணீரைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. கொடுங்கையூர் பக்கமிருந்து காற்று திரும்பினால் வீட்டுச் சன்னல்களைச் சாத்த வேண்டியிருப்பதைப் பற்றியும் இல்லை. "வேட்பாளர் பட்டியலில் நம் பெயர் எத்தனையாவதாக வரும்? மேலே யார், கீழே யார்?" இதுதான் அவர்களுடைய ஒரே கவலை.

சட்டப்படி இதில் யாருக்கும் சலுகை கிடையாது. மனுவைத் திரும்பப் பெறும் கெடு முடிந்ததும் பெயர்களைத் தமிழ் அகரவரிசையில் அடுக்கி இறுதிப் பட்டியலை ஒட்டுகிறார்கள். சட்டமன்ற, மக்களவைத் தேர்தல்களில் அங்கீகாரம் பெற்ற கட்சிகள் முதலில், பதிவு மட்டும் செய்த கட்சிகள் அடுத்து, சுயேச்சைகள் கடைசியில் என்று மூன்று அடுக்கு. ஒவ்வொரு அடுக்குக்குள்ளும் அகரவரிசை. முதலில் மனு கொடுத்தவருக்கு முதலிடம் என்பதெல்லாம் இல்லை. அப்படியிருந்தும் ராகு காலம் கழித்து, எமகண்டம் தவிர்த்து, நல்ல நேரத்தில் முதல் ஆளாக உள்ளே நுழைய வாசலில் ஒரு தள்ளுமுள்ளு! அமெரிக்காவின் சிகாகோ நகரத் தேர்தலிலாவது அதற்கு ஓர் அர்த்தம் உண்டு. அங்கே மனு வாங்கும் முதல் நாள் காலையில் கதவு திறக்கும்போது வரிசையில் நிற்பவர்களுக்குள் குலுக்கல் நடத்தித்தான் முதலிடம் யாருக்கு என்று முடிவு செய்கிறார்கள். இங்கே அந்தத் தள்ளுமுள்ளுவால் கசங்குவது வெள்ளைச் சட்டை மட்டும்தான்.

தன் இடத்தை மாற்ற முடியாது என்று தெரிந்தவுடன் நம் ஆட்கள் என்ன செய்கிறார்கள்? எதிராளியின் இடத்தைக் குழப்புகிறார்கள். அவர் பெயரிலேயே இன்னொருவரைத் தேடிப் பிடிக்கிறார்கள். அந்த இன்னொருவர் அதுவரை எந்தக் கூட்டத்திலும் பேசியதில்லை, எந்தப் போராட்டத்திலும் நின்றதில்லை. டெபாசிட் பணத்தை யாரோ கட்டுகிறார்கள், மனுவை யாரோ நிரப்புகிறார்கள், அவர் கையெழுத்து மட்டும் போடுகிறார். 2024 மக்களவைத் தேர்தலில் ராமநாதபுரத்தில் முன்னாள் முதல்வர் ஓ. பன்னீர்செல்வம் பலாப்பழச் சின்னத்தில் நின்றபோது, இனிஷியல் உட்பட அதே பெயரில் மேலும் சில பன்னீர்செல்வங்கள் களத்தில் குதித்தார்கள். ஒரு முன்னாள் முதல்வருக்கே இந்தக் கதி என்றால், வார்டில் சில நூறு வாக்குகளில் வெற்றி தோல்வி முடிவாகும் இடத்தில் ஒரு சாதாரண ஆளின் நிலை என்ன?

இதைத் தடுக்கக் கோரி அதே 2024 மே மாதம் உச்ச நீதிமன்றத்துக்குப் போனார்கள். பெற்றோர் வைத்த பெயருக்காக ஒருவரைப் போட்டியிடக் கூடாது என்று தடுக்க முடியுமா என்று கேட்டு, நீதிமன்றம் மனுவை ஏற்க மறுத்துவிட்டது. நியாயமான கேள்விதான், நான் மறுக்கவில்லை. ஒரே பெயர் இருந்தால் தொழிலையோ ஊரையோ சேர்த்து வேறுபடுத்திக் காட்ட விதியிலும் இடம் இருக்கிறது. ஆனால் பெயர் வைத்த பெற்றோரைக் கேட்க வேண்டாம் சாமி, டெபாசிட் கட்டிய புண்ணியவானைக் கேட்க ஒருவரும் இல்லையா?

பெயர் ஒத்துப்போகாத டம்மி வேட்பாளர்களுக்கு வேறு வேலை. ஒவ்வொரு வேட்பாளருக்கும் வாக்குச்சாவடியில் ஒரு முகவர் உண்டு. நாலு டம்மியை நிறுத்தினால் சாவடிக்குள் நாலு ஆள் கூடுதல். மனுவைத் திரும்பப் பெறும் கடைசி நாளில் பிற்பகல் மூன்று மணி நெருங்க நெருங்க நடக்கும் 'வாபஸ்' பேரம் இருக்கிறதே, காசிமேட்டு மீன் ஏலத்தில்கூட அதைவிட ஒழுங்கு இருக்கும்.

இதெல்லாம் எங்களுக்குப் புதிதல்ல. நாங்கள் ஆர்.கே. நகர் தொகுதிக்காரர்கள். 2017 ஏப்ரலுக்கு இடைத்தேர்தல் அறிவித்தார்கள். 62 பேர் களத்தில் நின்றார்கள். பணப் பட்டுவாடா புகாரில் தேர்தலே ரத்தானது. டிசம்பரில் மறுபடி நடத்தியபோது 59 பேர். ஓர் இயந்திரத்தில் 16 பொத்தான்தான் என்பதால் நான்கு இயந்திரங்களை வரிசையாக வைத்தார்கள். எங்கள் தெருப் பாட்டி ஒருவர் வாக்களித்துவிட்டு வந்து கேட்டார்: "தம்பி, மேலிருந்து மூன்றாவது என்று சொல்லிக்கொடுத்தார்கள். மூன்றாவதைத்தான் அழுத்தினேன். ஆனால் எந்தப் பெட்டியில் மூன்றாவது என்று யாருமே சொல்லவில்லையே?" நான் என்ன பதில் சொல்வேன்? குக்கர் சின்னத்தில் நின்ற டி.டி.வி. தினகரன் 40,707 வாக்கு வித்தியாசத்தில் வென்றதால் அந்த ஒரு வாக்கு யார் கணக்கிலும் பெரிதாக ஏறவில்லை. பாட்டியின் கணக்கில் ஏறியது. அன்று முழுக்க அதையே புலம்பிக்கொண்டிருந்தார்.

பிரச்சாரத்தைப் பாருங்கள். அட்டையில் ஒரு மாதிரி இயந்திரம் செய்து வீடு வீடாகக் கொண்டுவருகிறார்கள். அதில் பதினாறு வரி இருக்கும், பதினைந்து வெறுமையாக இருக்கும். ஒன்றில் மட்டும் பெயர், சின்னம், பக்கத்தில் பளபளவென்று நீல நிறப் பொத்தான். அழுத்தினால் 'பீப்' என்று சத்தம்கூட வரும், பேட்டரி வைத்திருக்கிறார்கள். அந்தப் பேட்டரிக்குச் செலவழிக்கும் அக்கறை எங்கள் தெருமுனை விளக்குக்கு வரவில்லை. 2022 பிப்ரவரியில் வாக்கு கேட்டு வந்த ஒருவரிடம், "மழைநீர் வடிகால் பாதியில் நிற்கிறதே, முடித்துத் தருவீர்களா?" என்று கேட்டேன். அட்டையைத் திருப்பிக் காட்டி, "மூன்றாம் எண் அண்ணே, மறந்துவிடாதீர்கள்" என்றார். வடிகாலைக் கேட்டால் எண்ணைச் சொல்கிறவரை என்ன செய்வது? பின்னாலேயே ஆட்டோவில் ஒலிபெருக்கி, "வரிசை எண் மூன்று, வரிசை எண் மூன்று" என்று குழந்தை தூங்கும் நேரத்தில் காதைக் கிழிக்கிறது.

அந்தத் தேர்தலே சும்மா வந்ததல்ல. 2016 அக்டோபரில் பழைய மன்றம் முடிந்த பிறகு ஐந்து ஆண்டுகளுக்கு மேல் எங்கள் வார்டுக்குக் கவுன்சிலரே இல்லை. குப்பை அள்ளவில்லை என்றால் யாரிடம் போவது என்று தெரியாமல் அதிகாரிகளின் வாசலில் நின்றோம். இத்தனை வருடம் காத்திருந்து கிடைத்த தேர்தலில், சென்னையில் பாதிப் பேர்கூட வாக்களிக்க வரவில்லை. மக்களுக்குப் பொறுப்பில்லை என்று தொலைக்காட்சியில் உபதேசம் செய்தார்கள். உபதேசம் செய்தவர்கள் எங்கள் தெருவில் அந்த ஆட்டோவோடு ஒரு வாரம் வாழ்ந்து பார்க்கட்டும்!

அகரவரிசையைத் தூக்கிவிட்டு ஒவ்வொரு வார்டிலும் எல்லோர் முன்னிலையிலும் சீட்டுக் குலுக்கிப் போடுங்கள். கலிபோர்னியாவில் ஆங்கில எழுத்துகளையே குலுக்கிப் புது வரிசை உண்டாக்குகிறார்கள், அங்கே ஒன்றும் வானம் இடிந்து விழுந்துவிடவில்லை. டம்மி எங்கே போய் விழுவார் என்று முன்கூட்டியே தெரியாவிட்டால், எதிராளிக்கு மேலும் கீழும் ஆள் நிறுத்துகிற வேலையாவது குறையும். கூடவே வேட்புமனுவில் "டெபாசிட் தொகை யாருடைய கணக்கிலிருந்து வந்தது?" என்று ஒரு கட்டம் போடுங்கள். இதைச் சொன்னால் டீக்கடைப் பெஞ்சில் இருக்கும் வருங்காலக் கவுன்சிலர்கள் சிரிக்கிறார்கள். அதில் ஒருவர் சிரிக்கவில்லை. இந்தக் குலுக்கல் வருவதற்குள் தேர்தல் முடிந்துவிடும்தானே என்று கவலையாகக் கேட்டார்.